கொலையாளியைக் குரல் காட்டிக்கொடுக்கக் கூடாது

ஒலிப்புத்தகமாகக் கேட்ட ஒன்பது மணி நேர மர்மக் கதை அது. ஒரு மணி இருபது நிமிடத்திலேயே கொலையாளி யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நான்காம் அத்தியாயத்தில் ஒரு வீட்டின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு 'ஓர் உருவம்' உள்ளே வருகிறது. முகம் கிடையாது, பெயர் கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லப்படவில்லை. தரையில் கிடப்பவரிடம் அது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறது: "இன்னும் கொஞ்ச நேரம்தான்." வாசித்தவர் இந்த மூன்று சொற்களையும் மூக்கடைத்த குரலில், ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டாம் அத்தியாயத்தில் குடும்ப வக்கீலுக்கு அவர் கொடுத்திருந்த குரல் அச்சு அசல் இதேதான். குட்டு வெளிப்பட்டுவிட்டது. மீதி ஏழு மணி நாற்பது நிமிடமும், துப்பறிகிறவர் தவறான வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, நான் வக்கீல் எப்போது பிடிபடுவார் என்று காத்திருந்தேன். அன்றிரவு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஓர் எழுத்தாளர் மாதக்கணக்கில் கட்டிய பூட்டை, வாசித்தவர் மூன்று சொற்களில் திறந்து வைத்துவிட்டார்.

நான் கம்பத்துக்காரன். மலைக்கு மேலே, கேரளத்தில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். பறித்த பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் காயெடுக்க மேலே வருவார்கள். சாயங்காலம் காயை எடை போட்டுக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். அவர்கள் இறங்கும் நேரத்தில்தான் என் வேலை தொடங்கும். காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பை மூட்டி, முதல் சில மணி நேரம் ஈரக்காற்று வெளியேறத் திறப்புகளைத் திறந்து வைத்து, பிறகு மூடி, சூட்டை 50 டிகிரியை ஒட்டி நிறுத்திவைக்க வேண்டும். ஒரு தடவைக் காய் உலர 18 மணி முதல் 24 மணி நேரம்வரை ஆகும். இரவு முழுவதும் கூட இருப்பது அடுப்பும் விசிறி இரைச்சலும் வெப்பமானியும்தான். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

முன்பெல்லாம் கோடை பண்பலை 100.5 தான் துணை. இரவில் ஒலிபரப்பான நாடகங்களில் வசனத்தைவிட, வசனத்துக்கு முன்னால் வரும் மௌனம்தான் என்னை உட்காரவைத்தது. 2017-இல் ஸ்டோரிடெல், 2018-இல் ஆடிபிள் என்று ஒலிப்புத்தக நிறுவனங்கள் இந்தியாவுக்கு வந்த பிறகு, மருமகன் என் போனில் ஒன்றை ஏற்றிக்கொடுத்தான். அன்றிலிருந்து காயெடுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒரு கதையாவது கேட்டுவிடுகிறேன். குடும்பக் கதை, சரித்திரக் கதை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கண்ணை மூடவிடாமல் வைப்பவை திரில்லர்கள் மட்டுமே. எனவே எனக்கு அவை பொழுதுபோக்கு என்பதற்கும் மேலே. வேலைக்கு வேண்டிய சாமான்.

இத்தனை வருடம் கேட்டதில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. மர்மக் கதையை வாசிப்பவருக்கு முதல் வேலை நடிப்பு கிடையாது, ரகசியம் காப்பதுதான். காதல் கதையில் வாசிப்பவருக்கு முடிவு தெரிந்திருப்பது குரலில் கசிந்தால் குறையொன்றும் இல்லை. மர்மக் கதையில் ஒரு சொட்டு கசிந்தாலும் பானை காலி.

தமிழில் இந்த வேலை இன்னும் கடினம். அதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தோட்டத்துக் கணக்கர். கட்டப்பனைக்காரர், மலையாளி, நான் சேட்டன் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணா என்பார். ஒரு மழை இரவில் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, தான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மலையாளக் கதையை எனக்குச் சொன்னார். "ஒராள் வந்நு, வாதில் துறந்நு" என்று ஆரம்பித்தார். ஓர் ஆள் வந்து கதவைத் திறந்தது என்பது புரிந்தது. வந்தது ஆணா, பெண்ணா? கதை முடியும்வரை எனக்குத் தெரியவில்லை. மலையாளத்தில் அவன் வந்தாலும் 'வந்நு', அவள் வந்தாலும் 'வந்நு'. தமிழில் வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடும். வந்தான் என்றால் சந்தேகப் பட்டியலில் உள்ள பெண்கள் எல்லாரும் விடுதலை. வந்தாள் என்றால் ஆண்கள் விடுதலை. அதனால்தான் நம் மர்மக் கதைகளில் இத்தனை 'உருவங்கள்' சுவரேறிக் குதிக்கின்றன. 'உருவம் நகர்ந்தது', 'நிழல் நின்றது' என்று அஃறிணைக்குள் ஆளை ஒளித்துவைக்கிறார்கள். சிலர் 'அவர் வந்தார்' என்று மரியாதைப் பன்மையில் ஒளிப்பார்கள். எழுதியவர் இலக்கணத்தோடு மல்லுக்கட்டி மறைத்ததை, வாசிப்பவர் அடித்தொண்டையில் ஓர் உறுமலைப் போட்டுத் திறந்துவிட்டால் அந்த உழைப்பு அத்தனையும் வீண்.

நல்ல வாசிப்பாளர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்துக் கேட்டிருக்கிறேன். ஒரு வழி கிசுகிசுப்பு. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை; காற்று மட்டும்தான் வெளியே வருகிறது. குரலின் உயரம் தாழ்வு அழிந்துவிடுவதால் ஆளை அடையாளம் காண்பது கடினமாகிறது. இன்னொரு வழி எனக்கு மேலும் பிடித்தது: மறைந்திருப்பவரின் வசனத்துக்கு எந்தச் சாயமும் பூசாமல், கதையை விவரிக்கும் தன் சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டுப் போவது. ஒரு பெண் வாசிப்பாளர் அப்படித்தான் செய்வார். கொலை மிரட்டலைக்கூட, "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது" என்று சொல்லும் அதே சமநிலையில் சொல்வார். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. எழுந்து போய் ஸ்டோர் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மீதியைக் கேட்டேன்.

அடுத்தது துப்பு. மர்மக் கதை எழுதுகிறவர் உண்மையில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர். மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி, பாதி எரிந்த ஊதுவத்தி, பஸ் டிக்கெட், சாவிக்கொத்து, வாடிய மல்லிகை என்று ஐந்து பொருள் சொல்வார். அதில் ஒன்றுதான் கொலையாளியைப் பிடிக்கும். ஐந்தையும் ஒரே நடையில் வாசிக்க வேண்டும். "பஸ்... டிக்கெட்" என்று குரலைத் தாழ்த்தி இழுத்தால் முடிந்தது கதை. இந்தத் தவறைப் புதியவர்களைவிட அனுபவம் உள்ளவர்களிடம்தான் அதிகம் கேட்கிறேன். மேடை நாடகத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் பழகிய குரல்களுக்கு முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்லும் பழக்கம் ஊறிவிட்டது. அங்கே அது திறமை. இங்கே அது துரோகம்.

உச்சரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் தமிழ்ப் பெருமை மட்டுமில்லை. ஒரு கதையில், மின்சாரம் போன பங்களாவில் மாடியறையிலிருந்து ஏதோ வந்தது என்று கதாநாயகி சொல்கிறாள். 'ஒளி வந்தது' என்றாளா, 'ஒலி வந்தது' என்றாளா? மூன்று முறை பின்னால் நகர்த்திக் கேட்டேன். நாக்கு மடிந்ததா, பல்லின்மேல் பட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பிடிபடவில்லை. வெளிச்சம் என்றால் அங்கே ஆள் இருந்தான். சத்தம் என்றால் காற்றாகவும் இருக்கலாம். அந்தக் கதையின் முடிச்சே அதில்தான் இருந்தது. அச்சில் படிப்பவருக்கு ளகரம் கண்ணுக்குத் தெரியும். கேட்பவனுக்கு வாசிப்பவரின் நாக்கைத் தவிர வேறு கதி இல்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைப்பழம் பேச்சில் 'வாளப்பளம்' ஆகிவிடும். எங்கள் ஊர்க் கதாபாத்திரம் பேசினால் அப்படிப் பேசட்டும், அதுதான் அழகு. கதை விவரிப்பில் மட்டும் ல, ள, ழ மூன்றும் மூன்றாகவே கேட்க வேண்டும்.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவன் என்ற முறையில் இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. தமிழ்த் திரில்லரில் ஒரு மலையாளி வந்தாலே போதும், வாசிப்பவர் மூக்கால் பேச ஆரம்பித்துவிடுகிறார். டீக்கடைக்காரர், நர்ஸ், எஸ்டேட் மேலாளர் எல்லாருக்கும் ஒரே மூக்கு. அதிலும் ஒரு கதையில் மலையாளிப் பாத்திரம் மழையை 'மளை' என்றது. எங்கள் பக்கத்து மலையாளிகள் ழகரத்தைத் தவறவிட்டு நான் கேட்டதே இல்லை. அது அவர்கள் தினமும் புழங்கும் எழுத்து. தமிழ் பேசும்போது அவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு, முன்னே சொன்ன அந்த வினைமுற்றுதான். சேட்டன் இத்தனை வருடம் எங்களோடு பழகியும் "மகள் நேற்று வந்தது" என்றுதான் சொல்வார். ஒரு வாசிப்பாளர் குமுளிச் சந்தையில் அரை நாள் நின்று கேட்டால் இதைப் பிடித்துவிடலாம். மூக்கை விட்டுவிட்டு இந்த ஒரு சிறு தடுமாற்றத்தைக் கொண்டுவந்தால், கேட்பவர் கண்முன் அந்த மனிதர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆண் வாசிப்பாளர்கள் பெண்களுக்குக் கீச்சுக்குரல் கொடுப்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறேன். வேகத்தைச் சற்று மாற்றி மூச்சை மென்மையாக்கினாலே போதும். பெண் வாசிப்பாளர்கள் ஆண்களுக்குக் குரல் கொடுக்கும்போது பெரும்பாலும் இந்த நிதானத்தோடுதான் செய்கிறார்கள்.

பல குரல் நாடகமா, ஒற்றைக் குரல் வாசிப்பா என்று கேட்டால், மர்மக் கதைக்கு ஒற்றைக் குரல்தான் என்பேன். பல குரலில் ஆளுக்கொரு குரல் என்பதால், போனில் மிரட்டும் குரலைத் துணியால் மூடிப் பேசினாலும் இரண்டு அத்தியாயத்தில் பிடித்துவிடுகிறேன். நல்ல பேர்போன குரல் ஒன்று தோட்டக்காரராக வந்து இரண்டு வரி மட்டும் பேசிவிட்டுப் போனால், இவர் திரும்ப வருவார் என்று அப்போதே தெரிந்துவிடும். பின்னணி இசையும் எனக்கு வேண்டாம். விசிறி இரைச்சலுக்கு நடுவே வயலினும் இடியும் ஆந்தையும் சேர்ந்தால் சொல் கரைந்துவிடுகிறது. அதோடு, வயலின் ஏறும்போதே ஆபத்து வரப்போகிறது என்று தெரிந்துபோகிறது. அதுவும் ஒரு கசிவுதான்.

ஒலிப்புத்தகத்துக்கும் மர்மக் கதைக்கும் உள்ள உறவு புதிதும் இல்லை. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகச் சேவை 1935-இல் தொடங்கியபோது, முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்கள் அதன் நேயர்களில் முக்கியமானவர்கள். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடம்தான் கேட்கலாம். ஒரு நாவலுக்குத் தட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். அந்தச் சேவையின் முதல் புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. படித்தவர்களுக்குத் தெரியும், அதைச் சத்தமாக வாசிப்பவருக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று. காரணத்தைச் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுவிடும். பார்வையில்லாத ஒருவர் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த 25 நிமிடத்துக்காகக் காத்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், வாசிப்பவருக்கு எவ்வளவு பொறுப்பு என்று தோன்றுகிறது. அந்த நேயருக்குப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்க வழியே இல்லை.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். வாங்குமுன் மாதிரியைக் கேட்பீர்கள் அல்லவா? மாதிரி பெரும்பாலும் கதையின் தொடக்கமாக இருக்கும். அங்கே மழை, இருட்டு, ரயில் நிலையம் என்று வருணனைதான் ஓடும். வருணனையை யார் வாசித்தாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். இரண்டு பேர் வாக்குவாதம் செய்யும் இடம் வருகிறதா என்று பாருங்கள். "என்றான்", "என்றாள்" வருவதற்கு முன்பே பேசியது யார் என்று தெரிய வேண்டும். அதே சமயம் கூத்துக்கட்டுவது போலவும் இருக்கக் கூடாது. மாதிரியில் அப்படி இடமே இல்லாவிட்டால் அதே வாசிப்பாளரின் வேறொரு புத்தகத்தைத் தேடிக் கேட்பேன். இப்போதெல்லாம் நான் எழுத்தாளர் பெயரைப் பார்ப்பதற்கு முன் வாசிப்பவர் பெயரைத்தான் பார்க்கிறேன்.

முழுமையான பதிப்பா, சுருக்கமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மற்ற நாவல்களில் சுருக்கினால் சுவை குறையும். மர்மக் கதையில் சுருக்கினால் கட்டடமே சரியும். சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது 'தேவையில்லாத' ஆட்களை. அந்தத் தேவையில்லாத ஆட்கள்தான் கொலையாளி ஒளிந்திருந்த கூட்டம். கூட்டத்தைக் கலைத்துவிட்டால் தனியாக நிற்பது யார் என்று குழந்தைக்கும் தெரியும்.

வேகத்தை ஏற்றாதீர்கள். 1.25 மடங்கில் வைத்தால் பத்து மணி நேரக் கதை எட்டு மணி நேரத்தில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வாசிப்பவர் ஒரு பதிலுக்கு முன்னால் வைத்த மௌனமும் சேர்ந்து சுருங்கிவிடும். "நேற்று எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கும் "வீட்டில்தான்" என்ற பதிலுக்கும் நடுவில் உள்ள ஒரு மூச்சு இடைவெளியில்தான் பொய் உட்கார்ந்திருக்கிறது. சாலையையும் சாப்பாட்டையும் பக்கம் பக்கமாக வருணிக்கும் கதையென்றால் மட்டும், அந்த இடங்களில் வேகத்தைக் கூட்டிவிட்டு உரையாடல் வந்ததும் இறக்கிவிடுவேன்.

முதல் ஒரு மணி நேரம் கையில் பென்சிலோடு உட்காருவது என் வழக்கம். எடைச் சீட்டின் பின்பக்கத்தில் பெயர்களையும் உறவுகளையும் எழுதிக்கொள்வேன். அச்சில் 'இந்த மாமா யார்' என்று முன்பக்கத்தைப் புரட்டிவிடலாம். காதில் அது முடியாது. கேட்கும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். எவ்வளவு நேரம் மீதி இருக்கிறது என்று திரையில் தெரிந்தால், இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே, அப்படியானால் இப்போது கைதானவர் குற்றவாளி அல்ல என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அத்தியாயத் தலைப்புகளின் பட்டியலைத் திறக்கவே திறக்காதீர்கள்.

மலையேறுகிறவர்கள் அடிவாரத்திலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்.பி.; பத்து மணி நேரக் கதைக்கு 300 எம்.பி. கூட வராது. கம்பம்மெட்டு வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வரும். விசாரணை நடக்கும் நேரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுபோல் எரிச்சல் வேறில்லை.

இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாத இரவு, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கதையின் கடைசி அரை மணி நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் காய்ந்த விறகு ஒன்றாகப் பற்றிக்கொண்டு அனல் சீறிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கதை முடிந்து தலைநிமிர்ந்தபோது வெப்பமானி 60-ஐத் தாண்டியிருந்தது. காலையில் முதலாளி சத்தம் போடவில்லை. தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பச்சை போய் வெளிறி, நுனி பிளந்து, உள்ளே கறுத்த விதை தெரிந்தது. காயை ஏலம் விடும்போது விலையைத் தீர்மானிப்பதில் அந்தப் பச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு நாலைந்து கிலோ பச்சைக்காய் வேண்டும்; அத்தனையையும் முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டு குனிந்து எடுத்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். அன்றிலிருந்து ஒரு காது கதைக்கு, ஒரு காது அடுப்புக்கு.

இயந்திரக் குரலில் வரும் கதைகளும் இப்போது பெருகிவிட்டன. இரண்டு கேட்டேன். அதற்கு முடிவு தெரியாது, எனவே கசியவும் கசியாது. இந்த வகையில் நான் கேட்பது கிடைத்துவிட்டதே என்று முதலில் நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் புரிந்தது. ரகசியம் தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தும் காப்பது வேறு. தெரிந்து காப்பவரின் குரலில் ஓர் இறுக்கம் இருக்கிறது. எதை மறைக்கிறார் என்று தெரியாவிட்டாலும் எதையோ மறைக்கிறார் என்பது தெரிகிறது. அந்த இறுக்கம்தான் நள்ளிரவில் என்னை விழித்திருக்க வைக்கிறது.

சனிக்கிழமைகளில் நானும் பெண்களோடு ஜீப்பில் இறங்குவேன். ஒருநாள் டிரைவர் தம்பி என் போனை ஜீப் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டார். பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து கேட்டோம். சோதனைச் சாவடி தாண்டி இரண்டாவது வளைவில் என் மதினி, "அந்தக் கட்டைக்குரல் டாக்டர்தான்" என்றார். எப்படி மதினி என்றேன். "மற்றவர்களெல்லாம் பேசுகிறார்கள். அவர் மட்டும் கேட்பவர்களுக்குத் தெரியட்டும் என்று பேசுகிறார்" என்றார். டாக்டர்தான். இதைவிட நல்ல விமரிசனம் நான் எங்கும் படித்ததில்லை.

அந்தப் பழக்கத்தில், மழை நாட்களில் எடை போட்டு முடியும்வரை ஸ்டோர் வாசலில் என்னையே ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். நான் முன்பே படித்திருந்த ஒரு மாத நாவலைக் கொண்டுபோனேன். இத்தனை பேரைக் குறை சொன்னவன், நாமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கவனமாகவே வாசித்தேன். பதினைந்தாம் பக்கத்தில் மருமகன் எல்லாருக்கும் காபி கொண்டுவருகிறான். இரண்டு வரிதான். உடனே ஓர் அக்கா கேட்டுவிட்டார்: "காபி கொடுத்தவன்தானே, அண்ணே?" என் கையில் புத்தகம் அப்படியே நின்றது. "மற்றவர்கள் வந்தபோது எங்களைப் பார்த்து வாசித்தீர்கள். அவன் வந்ததும் புத்தகத்தைப் பார்த்தீர்கள். குரலும் இறங்கிவிட்டது" என்றார்.

வாசிப்பவர்களின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பில் உறைத்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் சொல்ல, தொண்டை ஒத்துழைக்க மறுக்கிறது. அடுத்த கதைக்கு இரவுகளில் பழகினேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து போனில் பதிவு செய்து போட்டுக் கேட்டேன். பத்து நிமிட வாசிப்பு சரியாக வர ஒரு மணி நேரம் பிடித்தது. பால்காரர், தபால்காரர், கொலையாளி மூவரின் வரிகளுக்கும் பக்கத்தில் ஒரே அடையாளம் போட்டுக்கொண்டேன். மூன்றையும் ஒரே எடையில் சொல்ல வேண்டும் என்பதற்காக. கொலையாளி வரும் இடங்களில் தலை நிமிர்ந்து, கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவும் பழகினேன்.

போன சனிக்கிழமை அந்தக் கதையில் பதினோரு பக்கம் மீதி இருக்கையில் எடை முடிந்து ஜீப் ஹாரன் அடித்தது. காபிக்காரனைப் பிடித்த அதே அக்கா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அந்தத் தையல்காரிதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "முடிவை மட்டும் சொல்லிவிடுங்களேன் அண்ணே, எனக்குத் தூக்கம் வராது" என்றது. "சொல்லாதீர்கள்" என்று அக்கா அதட்டிவிட்டு ஏறிக்கொண்டார். எனக்கு அன்று இரவுக் காய் இருந்ததால் கீழே இறங்கவில்லை. ஜீப் வளைவில் மறையும்வரை நின்றேன். பக்கத்தை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்தேன். 48. இரண்டு விறகைத் தள்ளிவிட்டேன்.